சங்கத்துப் பாகற்காய்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில், ஊர் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில், பசுஞ்சோலை ஹைட்ஸ் என்ற நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. அங்கே முன்பு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. தோப்பை வெட்டிவிட்டுக் கட்டடத்தை எழுப்பினார்கள். வெட்டியதற்கு ஈடாகப் பெயரை மட்டும் பசுமையாக வைத்தார்கள். அதன்பின் அந்த வளாகத்தில் பச்சையாக இருந்தவை இரண்டுதான். ஒன்று, வாசல் கேட்டுக்கு அடித்த பெயின்ட். இன்னொன்று, குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் முத்துராமன் கையெழுத்துப் போடுகிற மை.

முத்துராமன் ஏதோ ஒரு துறையில் உதவி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "நான் சர்வீஸ்ல இருந்தப்ப" என்று தொடங்குவார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது. வேலை போனாலும் பச்சை மையை விட அவருக்கு மனம் வரவில்லை. மை காய்ந்துவிடக் கூடாதே என்றுதான் சங்கத்தையே ஆரம்பித்தார் என்று சிலர் சொல்வார்கள்.

இரண்டாவது மாடியில் அன்புச்செல்வி குடியிருந்தாள். கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. கணவர் கத்தாரில் லாரி ஓட்டுகிறார். மகள் ஜனனி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபின் வீட்டில் ஃபிரிஜ் ஓடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் யாருக்காகச் சமைக்க என்று பாலில் பிரெட்டை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டு ராம்நாத்தின் மனைவி ராஜலட்சுமிதான் அதைக் கண்டுபிடித்தாள். இரண்டு வீட்டுப் பால்கனிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று மட்டுமே. ஒரு நாள் சுவருக்கு மேலே கையை நீட்டி, இலை கிள்ளிய புதினாக் காம்புகளைக் கொடுத்தாள்.

"இந்தா அன்பு, இதப் போயி குப்பையில போட இருந்தேன். ஒரு டப்பாவுல மண்ணப் போட்டுச் சொருகி வையி. ஒனக்கும் பேச ஒரு ஆளு ஆச்சு."

"செடிகிட்டயா பேசச் சொல்றீங்க?"

"எங்கிட்டப் பேசு. செடிய சாக்கா வச்சு நான் எட்டிப் பாப்பேன்ல?"

அப்படித்தான் தொடங்கியது. புதினா தழைத்தது. அடுத்து பெயின்ட் வாளியில் தக்காளி, உடைந்த சலவைத் தொட்டியில் வெண்டை, அரிசிச் சாக்கில் கத்திரி, சின்னச் சின்ன டப்பாக்களில் கொத்தமல்லி, கற்பூரவல்லி, தூதுவளை. ஓரத்தில் ஊன்றிய பாகல் கம்பிக்கம்பியாகப் பற்றி ஏறி, நடுச்சுவரைத் தாண்டி ராஜலட்சுமியின் கிரில்லில் போய்ப் படுத்துக்கொண்டது. ராஜலட்சுமிக்குச் சர்க்கரை உண்டு. "ஒம் பாகக்கா எனக்கு மருந்துடி" என்பாள். அன்புச்செல்வி அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவாள், புளித்த மோரைத் தெளிப்பாள், இலையைத் திருப்பிப் பார்த்துப் பூச்சி எடுப்பாள். ராஜலட்சுமி சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பிள்ளைகள், மாமியார், தையற்காரன் கெடுத்த ஜாக்கெட் என்று பேசிக்கொண்டிருப்பாள். அன்புச்செல்வி மறுபடியும் இரவில் சமைக்கத் தொடங்கினாள். சமைத்ததில் பாதி சுவரைத் தாண்டிப் போகும்.

தக்காளி சிவந்த வாரம் தலைவர் முத்துராமன் வந்தார். பால்கனிக்குள் வரவில்லை. ஹாலில் நின்றே, தொற்று நோயாளியைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, செடி வைக்கிறத சங்கம் எதிர்க்கல. அது வளர்றதத்தான் எதிர்க்கிறோம்."

"எந்த ரூல்ல சார் இருக்கு?"

"விதி இன்னும் போடல. நீங்க மீறுனதுக்கப்புறந்தான இப்படி ஒரு விதி தேவைன்னு தெரியுது? நான் சர்வீஸ்ல இருந்தப்ப நூத்துக்கணக்குல விதி போட்டிருக்கேன். ஒண்ணுகூட யாரும் மீறாம போட்டதில்ல."

அவர் போனபின் பால்கனிப் பயிர் ஒழுங்காற்று உபகுழு அமைக்கப்பட்டது. குழு தரைத்தள ஹாலில் கூடி, முந்திரிப் பக்கோடா சாப்பிட்டு, வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒவ்வொரு செடியும் வீட்டு எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். தேனீ, வண்ணத்துப்பூச்சி போன்ற வெளியார் வருவதாக இருந்தால் வாட்ச்மேனிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உதிரும் இலை உள்பக்கமாக உதிர வேண்டும். கட்டடத்தின் நிறம் க்ரீமும் பிரவுனும் என்பதால், சாலையிலிருந்து பார்க்கும்போது சிவப்பு தெரியக் கூடாது. எனவே தக்காளியைப் பழுக்கும் முன் பறித்துவிட வேண்டும். கத்திரிக்காயின் ஊதா குறித்து இரு வேறு கருத்துகள் எழுந்ததால் முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

அன்புச்செல்வி சண்டை போடத் தெரியாதவள். கடையில் வாடிக்கையாளர் ஒரு சேலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனாலும் "அடுத்த தடவ வாங்கக்கா" என்று சொல்லிப் பழகியவள். அட்டை எழுதிக் கட்டினாள். தக்காளியைக் காயாகவே பறித்துத் துவையல் அரைத்தாள். காயாகப் பறிக்கிறபோது கை கொஞ்சம் தயங்கும்.

"போகுது போ. காய்த் தொவையலும் நல்லாத்தான் இருக்கு" என்று ராஜலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விரலை நக்கினாள். "அந்த ஆளு முன்னாடி நான் பேசுறேன் பாரு ஒரு நாளு."

அடுத்தது பாகற்காய். கொடியின் ஒரு கிளை பால்கனிக்கு வெளியே தொங்கி, அதில் கையளவு நீளத்துக்கு ஒரு காய் பிடித்திருந்தது. அன்புச்செல்வி கத்தியோடு எட்டியபோது கீழே இருந்து விசில் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். பால்கனிச் சுவருக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரருக்கு, வெளியே இருக்கிற காற்றுவெளி சங்கத்துக்கு. ஆகையால் வெளியே தொங்குகிற காய் சங்கத்தின் காய் என்று மதியமே முடிவாகியிருந்ததாம்.

சங்கத்துக் காயை என்ன செய்வது என்று செயற்குழு கூடியது. ஏலம் விடலாம் என்றார் ஒருவர். சமமாகப் பங்கிடலாம் என்றார் இன்னொருவர். சமம் என்றால் வீட்டுக்கு ஒரு பங்கா, சதுர அடிக்கு ஒரு பங்கா என்று மூன்று படுக்கையறை வீட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கசப்பில் உரிமை உண்டா என்ற கேள்வியில் கூட்டம் கலைந்தது. மறுபடி கூடியது. மறுபடி கலைந்தது. இதற்கிடையில் காய் மஞ்சளாகி, பழுத்து, வெயிலில் வெடித்து, சிவந்த விதைகளோடு கீழே நின்ற தலைவரின் கார் மேல் விழுந்தது.

அன்புச்செல்விக்கு நோட்டீஸ் வந்தது. சங்கச் சொத்தைப் பழுக்கவிட்டது ஒரு குற்றம். தடை செய்யப்பட்ட சிவப்பை வெளியிட்டது இன்னொன்று. விளக்கம் கொடுக்காவிட்டால் செடிகள் அப்புறப்படுத்தப்படும்.

அவள் நோட்டீஸைப் பிடித்தபடி சுவரண்டை வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுர்றேன்க்கா. எனக்கு இவங்களோட மல்லுக்கட்டத் தெம்பு இல்ல."

"கிறுக்கச்சி" என்றாள் ராஜலட்சுமி. "நம்மாளு ஒருத்தி உள்ள இருந்தா இதெல்லாம் நடக்குமா? தேர்தல் வருதுல்ல, நான் இணைச் செயலாளருக்கு நிக்கிறேன். நீ எனக்கு ஓட்டு மட்டும் வாங்கிக் குடு."

அன்புச்செல்வி வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ராஜலட்சுமிக்காக மாடி மாடியாக ஏறினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு பிடி புதினா. "எங்கக்கா நிக்கிறாங்க, பாத்துச் செய்யுங்க." பால்கனி பாதி மொட்டையானது. ராஜலட்சுமி ஜெயித்தாள். அன்று சுவருக்கு மேலே இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேல் மாடிக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

நோட்டீஸ் உண்மையிலேயே நின்றுவிட்டது. அது ராஜலட்சுமியால் நின்றது என்று அன்புச்செல்வி நம்பினாள். நின்றதற்குக் காரணம் வேறு. ஊரில் ஒரு சேவைச் சங்கம், குடியிருப்புகளுக்குள் 'பசுமை வளாகம்' என்று போட்டி அறிவித்திருந்தது. முத்துராமன் விண்ணப்பத்தை வாங்கி வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். கேட்டைத் தவிர பச்சை எதுவும் அகப்படவில்லை. தலையைத் தூக்கி இரண்டாவது மாடியைப் பார்த்தார்.

மறுநாள் ராஜலட்சுமி சுவரண்டை வரவில்லை. வாசல் வழியாக வந்தாள். பின்னாலேயே தலைவரும் வந்தார்.

"போன வாரம் வரைக்கும் இத ஆக்கிரமிப்புன்னு நினைச்சோம்மா" என்றார் முத்துராமன், முகம் மலர. "ஆழ்ந்து யோசிச்சுப் பாத்தா இது முன்மாதிரி. ஆக்கிரமிப்புக்கும் முன்மாதிரிக்கும் ஒரு கையெழுத்துதான் வித்தியாசம். நான் போட்டுர்றேன்."

செடிகளையெல்லாம், கிரில்லில் படர்ந்த பாகலையும் அவிழ்த்து, கீழே இறக்கி வாசல் கூடத்தில் அடுக்க வேண்டும் என்றார்கள். அன்புச்செல்வி தயங்கினாள். அங்கே டைல்ஸ் தரை, வெயில் எதிரடிக்கும். பூ எடுத்திருந்த வெண்டை தாங்காது.

"ஒரே ஒரு நாளுடி" என்று ராஜலட்சுமி அவள் தோளைத் தொட்டாள். "நானே கூட நிக்கிறேன். ஏங் கையில குடுக்கிறதா நெனச்சுக் குடு."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கொடுத்தாள்.

நடுவர் வந்த அன்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். செடிகளின் கழுத்திலிருந்து அன்புச்செல்வியின் வீட்டு எண் அட்டைகளைக் காணவில்லை. புதிதாக அச்சடித்த அட்டைகள் தொங்கின. 'தலைவர் தக்காளி.' 'பொருளாளர் வெண்டை.' கற்பூரவல்லிக்கு 'துளசி' என்று எழுதியிருந்தது. அன்புச்செல்வியைச் சுக்குக் காப்பித் தட்டோடு ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஏதோ முறைப்படி நடக்கிறது, முடிவில் பெயரைச் சொல்வார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முத்துராமன் வரவேற்றுப் பேசினார். "இயற்கையைச் சங்கம் என்றுமே தடுத்ததில்லை. முறையாக விண்ணப்பித்தால் அதற்கும் இடமளித்திருக்கிறது. இந்த வளாகத்தில் தலைமைக்குத் தெரியாமல் ஒரு தளிர் துளிர்த்ததில்லை. துளிர்த்ததை நாங்கள் கண்காணித்தோம். கண்காணித்ததால்தான் அது வளர்ந்தது."

கோட்டுப் போட்ட நடுவர் தக்காளி இலையைத் தடவிப் பார்த்தார். "அருமை. யாரு இத நேரடியாப் பராமரிக்கிறது?"

"மேடம், நீங்க சொல்லுங்க" என்று தலைவர் ராஜலட்சுமியைப் பார்த்தார். அன்புச்செல்வியும் ராஜலட்சுமியைத்தான் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று சிரிக்கவே தொடங்கிவிட்டாள்.

"நான்தாங்க" என்றாள் ராஜலட்சுமி. "அரிசி கழுவுன தண்ணி ஊத்துவேன். புளிச்ச மோரு தெளிப்பேன். எலையத் திருப்பிப் பாத்துப் பூச்சி எடுக்கணுங்க, அதுதான் முக்கியம். மேலாப்புல பாத்தா ஒண்ணும் தெரியாது."

ஒரு சொல் பிசகாமல் அன்புச்செல்வி சொன்னதுதான். சுவருக்கு மேலே கேட்டுக்கேட்டு மனப்பாடமாகியிருந்தது. தட்டில் காப்பி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பின. "ஆடாம நில்லும்மா" என்றார் முத்துராமன், மெதுவாக.

கேடயம் கிடைத்தது. ராஜலட்சுமிக்குப் பசுமைச் செயலாளர் என்று புதுப் பதவி உண்டாக்கப்பட்டது. செடிகள் மேலே திரும்பவில்லை. விருது பெற்ற செடிகள் சங்கத்தின் அசையாச் சொத்து. அவற்றை அசைக்க முடியாது என்று தலைவர் விளக்கினார். ஊற்றுவதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்க் குழு அனுமதிக்க வேண்டும். தண்ணீர்க் குழுத் தலைவர் மகள் வீட்டுக்கு மலேசியா போயிருந்தார். கொத்தமல்லி முதலில் போனது. வெண்டைப் பூ கருகியது. ஒரு விடியற்காலையில் அன்புச்செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். சங்கச் சொத்தை அனுமதியின்றி நனைத்ததற்கு நோட்டீஸ் வந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், இதுவரை அவள் பார்த்திராத இன்னொரு கையெழுத்து: ராஜலட்சுமி.

அன்று அவள் முதல்முறையாக ராஜலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். இத்தனை நாள் சுவரே போதுமாக இருந்தது.

"ஏங்க்கா?" என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது.

ராஜலட்சுமி உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள். "நீ என்ன, வேல வெட்டிக்குப் போற. கடையில ஒன்னைய நாலு பேரு பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. எனக்கு யாரு இருக்கா? கல்யாணம் ஆன நாள்லேருந்து ராம்நாத் வீட்டம்மா. அம்புட்டுத்தான். அன்னிக்கி அத்தன பேரு முன்னாடி தலைவரு என்னைய மேடம்னு சொன்னாருடி. வாயில வந்துருச்சு. அதுக்கப்பறம் எப்புடி மாத்திச் சொல்லுறது?"

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், எங்கக்காதான் வளத்தாங்கன்னு."

ராஜலட்சுமியின் முகம் ஒரு நிமிடம் உடைகிற மாதிரி இருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அது அவள் குரலாக இல்லை. "பாரு அன்பு, நோட்டீஸப் பத்தி எதுவா இருந்தாலும் சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்கு வந்து எழுதிக் குடு. வீட்டுக்கு வந்து பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் பரவாயில்லை என்று அன்புச்செல்விக்குப் பட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் கேடயம் வாங்கியவர்கள் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும் என்று விதி இருந்தது. இந்த முறை நடுவராக வந்தவர் பொற்கொடி என்ற ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பேராசிரியை. பருத்திச் சேலை, கையில் ஒரு கூடை. வாசல் கூடத்தில் வரிசையாக நின்ற குச்சிகளைப் பார்த்தார்.

"என்ன இது?"

"செடிகள் இப்போது ஓய்வில் இருக்கின்றன" என்றார் முத்துராமன். "நீண்ட காலம் பணியாற்றியவை. ஓய்வு பெற்றாலும் அவற்றின் பதவிக்குரிய மரியாதையைச் சங்கம் குறைக்கவில்லை. அட்டைகளை நாங்கள் எடுக்கவில்லை, பாருங்கள்."

பொற்கொடி கூடையிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் பையில் இருந்த ஒரு தக்காளி நாற்றை எடுத்தார். "பராமரிக்கிறவங்க யாரு? இத நட்டுக் காட்டுங்க."

ராஜலட்சுமி பட்டுச்சேலையோடு முன்னால் வந்தாள். நாற்றை வாங்கினாள். தொட்டி மண்ணில் விரலால் ஒரு குழி பறித்தாள். நாற்றைப் பையோடு அப்படியே குழியில் இறக்கினாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது; எங்கே என்று தெரியவில்லை. தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் துழாவினாள். அன்புச்செல்வியின் மேல் வந்து கண் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அன்பு, உப்புப் போட்டேனா இல்லையான்னு ருசி பாத்துச் சொல்லுடி" என்று கேட்கிறபோது இருக்கிற அதே கண்.

பொற்கொடியும் அந்தப் பார்வை போன திசையில் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பையோட நடலாமா?"

ஒரு வார்த்தை போதும். 'அக்கா மறந்துட்டாங்க, எப்பவும் பையக் கிழிச்சுட்டுத்தான் வைப்பாங்க' என்று சொல்லியிருக்கலாம். அது அன்புச்செல்வியின் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள். "எல்லாம் மேடம்தான்."

சொன்னதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை.

முத்துராமன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நடுவர் அவர்களே, சங்கமும் உங்களைப் போலவே ஏமாற்றப்பட்டிருக்கிறது. இந்த அம்மையாரின் தனிப்பட்ட செயலுக்கும் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவருடைய பதவி இன்று காலையிலிருந்தே ரத்து. நான் சர்வீஸில் இருந்தபோதும் தவறு என்று தெரிந்த மறுநிமிடமே தவறு செய்தவரைக் கண்டுபிடித்துவிடுவேன். அது நானாக இருந்ததே இல்லை."

அன்று மாலையே செயற்குழு கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. சங்கச் சொத்தான செடிகளைச் சாகடித்ததற்கு ராஜலட்சுமி விளக்கம் அளிக்க வேண்டும். கேடயம் தலைவர் வீட்டு ஷோகேஸிலேயே பாதுகாக்கப்படும். காலி வாளிகளையும் சாக்கையும் அன்புச்செல்வி எடுத்துக்கொள்வதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. பசுமைத் தகுதியைத் தக்கவைக்க எல்லாப் பால்கனிகளிலும் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் கொடி தொங்கவிடப்படும். அது வளராது, காய்க்காது, சிவக்காது. உயிருள்ள செடி எதுவானாலும் தடை.

மறுநாள் காலை ஆள் வந்து கொடியைக் கட்டிவிட்டுப் போனான். அன்புச்செல்வி சமையலறையில் நின்றிருந்தாள். பால்கனிப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அன்பு."

அவள் அசையவில்லை.

"அன்பு, இருக்கியாடி? எனக்கும் நோட்டீஸ் வந்துருக்கு. என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். செத்த வந்து பாரேன். ஒன்னைய விட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

அன்புச்செல்வி பால்கனிக் கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் இலைகளுக்கு நடுவே, சுவரில் ஊன்றிய முழங்கை தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து மிக்ஸியைப் போட்டாள்.

ஜாடியில் ஒன்றும் இல்லை. அது வெறுமனே அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் குரல் ஓய்ந்திருக்கும் என்று நிச்சயமாகத் தெரிகிறவரை அவள் அதை நிறுத்தவில்லை.